வராத வெள்ளத்துக்குக் கத்தியவர்

சாரல் பிடித்த மறுநாள் குத்தாலிங்கம் அண்ணாச்சியிடமிருந்து எனக்குப் போன் வரும். வருடம் தவறாது. "ஏலே முத்து, மேல நல்ல மழ. பிள்ளையள அருவிப் பக்கம் அனுப்பாத, என்னா?" என்பார். சாப்பிட்டாயா, சுகமா என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வருடமும் அவர் பெயர் போனில் வந்தது. நான் தென்காசிக் கோயில் வாசலில், காற்றில் குடை திருப்பிக்கொள்ள, பாதி நனைந்து நின்றிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, "என்ன அண்ணாச்சி, தண்ணி செவந்துட்டாக்கும்?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

மறுமுனையில் அவர் மனைவி கோமதி மதினி. "முத்து, இவுக எந்திரிக்க மாட்டேங்காவ. கூப்பிட்டுப் பாத்துட்டேன், உலுக்கிப் பாத்துட்டேன். நீ கொஞ்சம் வாய்யா" என்றாள்.

துக்கம் பிறகு வந்தது, அழுகையும் பிறகுதான். முதலில் வந்தது பயம். எதற்குப் பயம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கலங்கரை விளக்கங்களில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் மறந்திருந்தால் 'ஸ்கிரீன் அண்ணாச்சி' என்று சொன்னால் போதும், சிரிப்பு வந்துவிடும். கட்ச் கரையில் அவரோடு இருந்தவர்களும், ஆந்திரக் கரையில் அவரோடு சண்டை போட்டவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் அவரை விசாரிப்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், நான் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் மலையடிவாரத்துக்காரர்கள். அவருக்குக் குற்றாலம், எனக்குத் தென்காசி. கடலை நாங்கள் பார்த்ததெல்லாம் திருச்செந்தூருக்குப் போனபோதுதான். வேலை கிடைத்து, கிழக்குக் கரையில் ஒரு மணல்திட்டில் இருந்த கலங்கரை விளக்கத்துக்கு இருவரும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம். முதல் நாள் உச்சிக்கு ஏறிக் கீழே பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அண்ணாச்சிக்கு ஒன்றுமில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார். அவர் அண்ணன் போலீஸ், தம்பி மிலிட்டரி. "எங்க வீட்டுல பயம்ங்கிற வார்த்தையே கிடையாதுலே" என்று மீசையைத் தடவினார். அந்த மீசையை நம்பித்தான் நானும் ஏறி இறங்கினேன்.

விளக்கு அறையைப் பார்க்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் சுற்றிலும் கண்ணாடி வைத்த அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு லென்சு, அதற்குள்ளே பல்பு. பல்பின் வெளிச்சத்தை லென்சு சேர்த்துக் கடலுக்கு அனுப்பும். அதே லென்சு பகலில் வெயிலைச் சேர்த்து உள்ளே அனுப்பும். உள்ளே வந்த வெயில் ஒரே புள்ளியில் குவிந்து நெருப்பாகும். அதனால் காலையில் விளக்கை அணைத்து, லென்சைத் துடைத்ததும், சுற்றிலும் திரையை இழுத்து மூடிவிட வேண்டும். எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான்.

அன்று அண்ணாச்சியின் முறை. வானம் மூடிக் கிடந்தது. விடிந்ததிலிருந்து சூரியன் இல்லை, மெல்லிய தூறல் வேறு. குற்றாலத்தில் ஆனி ஆடியில் அப்படி மூடினால் நாள் கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. துணி காயாது, அப்பளம் நமுத்துப் போகும். எங்கள் இருவருக்கும் மேகம் என்றால் அந்த மேகம்தான். அண்ணாச்சி திரையை இழுக்காமல் கீழே இறங்கிவிட்டார். நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, நானும் அதே மேகத்துக்குக் கீழே வளர்ந்தவன்தானே. கடற்கரை மேகத்துக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அவர் கீழே சாப்பிட உட்கார்ந்தார். நான் உச்சி பால்கனியில் நின்று, வெளிக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் சுளீரென்று வெயில் அடித்தது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அறைக்குள் புகை. பல்பு ஹோல்டரில் வயர் எரிகிறது, பக்கத்தில் வைத்திருந்த எண்ணெய்த் துணி பற்றிக்கொண்டது, அடுத்து ஒதுக்கி விட்டிருந்த திரையின் ஓரம். பால்கனியிலிருந்து வெளியேற ஒரே கதவு. அது அந்த அறைக்குள்தான் திறக்கும். கீழே பார்த்தால் எங்கள் கோழிகள் எறும்பு அளவில் மேய்கின்றன. கத்தினேன். காற்று என் சத்தத்தைக் கடல் பக்கம் கொண்டுபோனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கப்பட இனி என்ன இருக்கிறது, வேட்டியை நனைத்துவிட்டேன்.

அண்ணாச்சியைக் கிளப்பியது என் கத்தல் அல்ல. கை கழுவ வெளியே வந்தவர் மணலில் தன் நிழலைப் பார்த்திருக்கிறார். காலையிலிருந்து இல்லாத நிழல். கையில் ஒட்டிய சோற்றோடு அப்படியே ஓடி வந்து படி ஏறியிருக்கிறார். புகைக்குள் அவர் முகம் தெரிந்தபோது அது எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. துண்டால் அடித்து, பத்தாமல் வெறும் கையால் அடித்து, தீயை அணைத்தார். மிச்சமிருந்த திரையை இழுத்து மூடினார். கதவைத் திறந்து என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். இருவரும் படியில் உட்கார்ந்து இருமினோம். அவர் உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது.

"குத்தாலத்து மேகம்னு நெனச்சிட்டேம்லே" என்றார். பிறகு, "எனக்குப் பயமா இருக்குலே முத்து" என்றார். மீசைக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். அதன் பிறகு கேட்காத நாளே இல்லை.

சாயங்காலத்துக்குள் வேறு ஹோல்டர் மாட்டி, வயரை இழுத்துக் கட்டி, சரியான நேரத்தில் விளக்கை ஏற்றிவிட்டோம். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தனி மின்னல் கணக்கு உண்டு. கப்பல்காரன் அதை எண்ணித்தான் இது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பான். எங்கள் விளக்கு தன் கணக்குத் தப்பாமல் மின்னியது. தூரத்தில் ஒரு கப்பல் தன்பாட்டுக்குப் போனது. அண்ணாச்சி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுலே" என்றார். "நாம காப்பாத்துன கப்பல நாம பாக்கவே முடியாது. மோதுன கப்பலத்தான் பாக்க முடியும்." கப்பலின் வெளிச்சம் மறைந்ததும், "அப்ப சரி" என்று எழுந்தார்.

அன்றிலிருந்து அவர் திரையைப் போடுவதும், கீழே வந்து, சந்தேகப்பட்டு மறுபடி ஏறிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அடை மழையிலும் திரை. புயல் எச்சரிக்கையிலும் திரை. உடன் இருந்தவர்கள் 'ஸ்கிரீன் அண்ணாச்சி' என்று கேலி செய்தார்கள். இடம் மாறிப் போன ஊரிலெல்லாம் அந்தக் கேலி அவருக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. மதினி என்னிடம் புலம்புவாள்: "வீட்டு ஜன்னல்ல தண்ணி பாட்டிலு வச்சா ஏசுதாவ. வெயிலு பட்டுத் தீப்பிடிக்குமாம். மூக்குக் கண்ணாடியக் கழட்டி வைக்க எடமில்ல. இந்த மனுசனுக்கு என்ன செய்யட்டும் நான்?"

பின்னாளில் கலங்கரை விளக்கங்களுக்கு டிக்கெட் போட்டு ஆட்களை மேலே விட ஆரம்பித்தார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில், நாங்கள் மறுபடி ஒரே இடத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்தார். அவர் வீட்டம்மாவுக்கு லென்சின் முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டும். திரை போட்டிருந்தால் இருட்டாக இருக்கிறது. "ரெண்டு நிமிஷம் திறப்பா" என்றார் அதிகாரி. அண்ணாச்சி திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சட்டம் பேசவில்லை, விதி சொல்லவில்லை. "எனக்குப் பயமா இருக்கு சார்" என்றார். அதிகாரி சிரித்தார், வீட்டம்மா சிரித்தாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முறைத்து நின்றிருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லி நிற்கிற ஆளை என்ன செய்வது? சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று. "ஏன் அண்ணாச்சி, நாலு பேரு முன்னால இப்படிச் சொல்லுதிய?" என்றேன். "உள்ளதத்தானலே சொன்னேன்" என்றார். திரையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தோம். இனிமேலாவது மனிதர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். எங்கே! ஐந்தருவிப் பக்கம் வீடு கட்டினார். அங்கே அவர் சொந்தக்காரன் ஒருவன் சீசனில் பழக்கடை போடுவான். அண்ணாச்சி அந்தக் கடையில் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அருவியையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலே காட்டில் மழை கொட்டினால் இங்கே தண்ணீர் திடீரென்று பெருகும் என்பது குற்றாலத்துக்காரனுக்குப் புதிதல்ல. அதற்கு விசிலோடு போலீஸ் நிற்கிறது, சைரன் இருக்கிறது. இவருக்கு அது போதாது. தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறினால், இலைக் கொத்து ஒன்று கூடுதலாக விழுந்தால், ஸ்டூலை உதைத்துவிட்டு ஓடுவார். "ஏ, வெளிய வாங்க! தண்ணி வருது! எல்லாரும் வெளிய வாங்க!" எண்ணெய் தேய்த்தவர்கள், சோப்புப் போட்டவர்கள், பிள்ளையைத் தூக்கியவர்கள் எல்லாம் அலறியடித்து வெளியே வருவார்கள். நின்று பார்ப்பார்கள். தண்ணீர் முன்பு மாதிரியே விழும். அப்புறம் விழும் வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "அப்ப சரி" என்று ஸ்டூலுக்குத் திரும்புவார். பழக்கடைக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். "மாமா, யாவாரம் கெட்டுப்போவுதுல்லா? ஒங்களுக்குக் கோடி புண்ணியம், வீட்டுல இருங்களேன்!" இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு சீசனில் உண்மையாகவே தண்ணீர் பெருகி வந்த அன்று அண்ணாச்சி காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் கரை ஏற்றிவிட்டார்.

என் மகள் செல்விக்குக் கல்யாணமான புதிதில் சம்பந்தி வீட்டாரை அருவிக்குக் கூட்டிப்போனேன். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம், எல்லாரும் சந்தோஷமாகக் குளிக்கிறார்கள். அண்ணாச்சி கத்தினார். கத்தியதோடு நில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி, செல்வியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார். பின்னாலேயே ஓடி வந்த சம்பந்தியம்மாள் பாசியில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். தண்ணீர்? ஒரு சொட்டுக் கூடவில்லை. "இந்தக் கிறுக்கர நம்பியா எங்கள இங்கன கூட்டிட்டு வந்தீய?" என்று அந்தம்மாள் கேட்டபோது நான் எங்கே போய் முகத்தை வைக்க? செல்வி அழுதாள். "பெரியப்பாவ இனிமே வீட்டுப் பக்கம் விடாதீங்கப்பா" என்றாள்.

எனக்கும் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, இத்தன வருசமாக் கத்துதியளே, நீங்க கத்துன என்னைக்காவது ஒரு நாளு வந்திருக்கா?" என்று கேட்டேன். வெந்து ஆறிய அந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தபடியே அவர் சொன்னார்: "வராம இருந்தா நல்லதுதானலே? கப்பலு மோதலங்கிறதுக்காக நம்ம லைட்டு வீணா எரிஞ்சுதுன்னு சொல்லுவியா? மேல மழ பெய்யிதா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் வெயிலு வருமா, வராதான்னு தெரியாமத்தான் திரையப் போடாம எறங்குனேன். நீ மேல நின்ன. தெரியாத நேரத்துல எனக்குக் கத்தத்தான் தெரியுது." பழக்கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அன்று அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார், தூங்குகிற மாதிரிதான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் வந்து பார்த்த டாக்டர். இருட்டாக இருக்கிறது என்று யாரோ ஜன்னல் திரைகளை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் ஒரு தண்ணீர் பாட்டில். வெளியே சாரல், வெயிலின் வாடையே இல்லை. ஆனாலும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தேன். திரும்பினால் மதினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் சாம்பலைச் சிற்றாற்றில் கரைத்துவிட்டு, ஆண்களும் பெண்களுமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். செல்வியும் வந்திருந்தாள். அவளுக்கு இப்போது பெரியப்பா மேல் கோபம் ஒன்றும் இல்லை. காரில் வரும் வழியெல்லாம் அவர் இழுத்து வந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் பக்கம் அவள் இறங்கினாள். நான் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு பாறை ஓரம் நின்றேன்.

அருவியைப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கிய மாதிரி இருந்தது. கலங்கியிருந்ததா, என் கண்தான் கலங்கியிருந்ததா? ஒரு இலைக் கொத்து விழுந்தது. பின்னாலேயே ஒரு காய்ந்த குச்சி. எப்போதும் விழுவதுதான். மேலே மலை மேகத்துக்குள் இருந்தது, அங்கே மழையா இல்லையா என்று தெரியவில்லை. பழக்கடையைப் பார்த்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே, அதே பயம். கீழே என் மகள் முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் யார் யாரோ பெற்ற பிள்ளைகள். போலீஸ்காரர் சும்மா நிற்கிறார், சைரன் சும்மா இருக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் கத்தி, ஒன்றும் வராமல் போனால்? நாளைக்கு என்னையும் கிறுக்கன் என்பார்கள். கத்தாமல் இருந்து, வந்துவிட்டால்?

"ஏ, வெளிய வாங்க! தண்ணி வருது! எல்லாரும் வெளிய வாங்க!"

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "யாருலே இந்தப் பெருசு?" என்றான் ஒருவன். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், காலி ஸ்டூலைப் பார்த்தார், மேலே மலையைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். முதலில் வெளியே வந்தவள் செல்வி. கேள்வி கேட்கவில்லை. இரண்டு கையிலும் முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழுக்கும் பாறையில் ஓடி வந்தாள். அவள் வருவதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

நின்றோம். எல்லாரும் அருவியையே பார்த்தோம். அருவி அதே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. இலை நின்றது, நிறம் தெளிந்தது. ஒன்றும் வரவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது வசவு. அண்ணாச்சி வாங்கியதெல்லாம் மிச்சம் மீதி இல்லாமல் எனக்குக் கிடைத்தது. செல்வி என் பக்கத்தில் வந்து, ஈரக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா மாதிரியே கத்துதியப்பா" என்றாள். பழக்கடைக்காரன் ஓடி வந்து என்னை ஏசப்போகிறான் என்று பார்த்தேன். அவன் அந்த ஸ்டூலை எடுத்து வந்து போட்டு, "உக்காருங்க மாமா" என்றான்.

அவரை அறிந்தவர்களே, ஒருவர் போன பிறகு அவருடைய கைக்கடிகாரத்தையோ குடையையோ நினைவுக்கு வைத்துக்கொள்வார்கள். எனக்கு வந்து சேர்ந்தது அண்ணாச்சியின் பயம். அதை நான் கேட்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனம் இல்லை. நீங்கள் யாராவது சீசனுக்கு வந்து, குளிக்கும்போது கிழவன் ஒருவன் கத்தினால், தயவு செய்து ஏசிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள்.

ஈரத் துணியோடு வீட்டுக்குத் திரும்பினோம். மதினி நடையில் நின்றிருந்தாள். நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"கத்துனியாமே முத்து. தண்ணி வந்துச்சா?"

"வரல மதினி."

மதினி திரை போட்ட ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள்.